மொறிஸ் மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றிப் புதுப்பிப்பது எப்படி

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களில் பலர், பெடலின் அழுத்தத்தை ஒயில் வழியாகச் சில்லுகளுக்கு அனுப்பும் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரை ஒருமுறையேனும் கண்ணால் கண்டதில்லை. மற்றக் கார்களில் பொனற்றைத் திறந்தவுடன் பிறேக் ஒயில் டப்பா முன்னால் தெரியும். மைனரில் அங்கே ஒன்றும் இல்லை. சாரதியின் காலடியில், கார்ப்பற்றுக்கும் தரைத் தகட்டுக்கும் கீழே, சசியின் பெட்டிச் சட்டத்துக்குள் அது இருக்கிறது. ஒயில் குறைந்தாலும் தெரியாது. கசிந்தால் சட்டத்துக்குள்ளேயே ஓடி வேறெங்கோ ஒரு சொட்டாக விழும்.

ஆனால் இந்தக் காரின் நான்கு சில்லுகளுக்கும் சேர்த்து இருப்பது அந்த ஒரேயொரு சிலிண்டர்தான். இப்போது வரும் கார்களில் பிறேக் இரண்டு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று கைவிட்டாலும் மற்றது காரை நிறுத்தும். மைனரில் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் சின்ன றப்பர் கப் ஒன்று கிழிந்தால் நான்கு சில்லும் ஒரே நேரத்தில் பிறேக்கை இழந்துவிடும். மிஞ்சுவது, கேபிளால் பின்சில்லுகளைப் பிடிக்கும் ஹான்ட் பிறேக் மட்டும். அதனால் இந்த வேலையில் "இப்போதைக்கு இது போதும்" என்று விடக்கூடிய இடம் ஒன்றுகூட இல்லை. அதே நேரத்தில் இது பயப்படவேண்டிய வேலையும் அல்ல. ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள எவரும் ஒரு சனி ஞாயிறில் செய்து முடிக்கலாம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் கார் 1971 வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல். இலங்கையில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. 1990களில் இதன் தகட்டுப் பாகங்களை இங்கேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய முயற்சிகூட உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜோடு சேர்ந்து மைனரும் போர்க்காலத்தைத் தாண்டி வந்தது. வடக்குக்குப் பெற்றோல் வரத் தடையிருந்த ஆண்டுகளில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவை. என்னிடம் இருப்பது மாமாவிடமிருந்து வந்த 1964ஆம் ஆண்டு மைனர் 1000. 1098 சிசி என்ஜின், முன்பக்கம் 8 அங்குல டிறம், அதாவது சில்லோடு சேர்ந்து சுழலும் பிறேக் கிண்ணம். கீழே சொல்வதெல்லாம் அந்தக் காரை வைத்துத்தான். பழைய மொடல்களில் சிறு வித்தியாசங்கள் இருக்கலாம், ஆனால் சிலிண்டருக்குள் நடக்கும் வேலை ஒன்றுதான்.

முதலில் ஒரு சின்னத் துவாரம்

ஸ்பனரை எடுக்க முன்பு ஒரு விஷயத்தை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். இது விளங்கினால் மிச்ச எல்லா வேலையும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது தானாக விளங்கும்.

மாஸ்ரர் சிலிண்டரின் மேற்பாதி ஒயில் தொட்டி, கீழ்ப்பாதி 7/8 அங்குல விட்டமுள்ள உருளை. உருளைக்குள் பிஸ்ரன், அதன் முன்னால் ஒரு றப்பர் கப், அதற்கு முன்னால் ஸ்பிறிங். பிஸ்ரனின் பின்முனையில் ஒயில் வெளியே கசியாமல் தடுக்கும் பின் கப் ஒன்றும் உண்டு; இங்கே வெறுமனே கப் என்று சொல்வது முன்னால் இருப்பதை. தொட்டியிலிருந்து உருளைக்கு இரண்டு துவாரங்கள் இறங்குகின்றன. ஒன்று பெரியது, கப்புக்குப் பின்னால், பிஸ்ரனின் ஒடுங்கிய இடுப்பைச் சுற்றி ஒயில் நிரப்புவது. மற்றது குண்டூசி நுழையக்கூடிய அளவு சின்னது. பெடலை மிதிக்காமல் இருக்கும்போது கப்பின் விளிம்பு இந்தச் சின்னத் துவாரத்தைச் சற்றே தாண்டிப் பின்னால் நிற்கும். அதாவது துவாரம் திறந்திருக்கும்.

பெடலை மிதித்தவுடன் கப் முன்னால் நகர்ந்து அந்தத் துவாரத்தை மூடுகிறது. அந்தக் கணத்திலிருந்துதான் பைப்புகளில் அழுத்தம் ஏறுகிறது. பெடலை விட்டவுடன் பிஸ்ரன் பின்னால் வருகிறது. அதன் தலையிலுள்ள சிறு துளைகள் வழியாகக் கொஞ்ச ஒயில் கப்பின் விளிம்பைத் தாண்டி முன்னால் பாய்ந்து வெற்றிடத்தை நிரப்புகிறது. சில்லுகளிலிருந்து மேலதிகமாகத் திரும்பி வரும் ஒயில் சின்னத் துவாரம் வழியாக மறுபடி தொட்டிக்குப் போகிறது. வெயிலிலும் பிறேக் சூட்டிலும் ஒயில் விரிந்தால் அதற்கும் அதுதான் வழி.

இந்தத் துவாரம் அடைபட்டால், அல்லது கப் முழுதாகப் பின்னால் வராமல் அதை மூடியபடி நின்றால், விரிந்த ஒயிலுக்குப் போக இடமில்லை. டிறம்முக்குள் இருக்கும் வளைந்த பிறேக் சூக்கள் டிறம்மை மெல்ல உரசத் தொடங்கும். உரசினால் சூடு, சூட்டால் இன்னும் விரிவு, இன்னும் உரசல். கடைசியில் சில்லு பூட்டிக்கொள்ளும்.

இதை நான் அனுபவித்தே கற்றேன். கார் என் கைக்கு வந்த புதிதில் ஒரு கராச்சில் இந்த வேலையைச் செய்வித்தேன். புது றப்பர் கிற், கழுவித் துடைத்துப் பூட்டியும் தந்தார்கள். இரண்டு கிழமை கழித்துப் பருத்தித்துறையிலிருந்து திரும்பி வரும்போது கார் இழுவையாக இருந்தது. வல்லை வெளியில் காற்று எதிரே அடிக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். கொஞ்சத் தூரத்தில் பிறேக் லைனிங் கருகும் மணம் வந்தது. இறங்கிப் பார்த்தால் நான்கு டிறம்மும் கை வைக்க முடியாத சூடு. ஒரு சில்லின் நிப்பிளை, அதாவது ஒயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகை, திறந்தேன். ஒயில் சீறிக்கொண்டு வந்தது, அதன்பிறகு கார் தள்ள நகர்ந்தது. வீட்டில் கழற்றிப் பார்த்தபோது புதுக் கப் அதன் அளவைவிட ஊதிப்போய் அந்தச் சின்னத் துவாரத்தை அடைத்தபடி இருந்தது. பாகங்களை அவர்கள் பெற்றோலில் கழுவியிருந்தார்கள்.

மண்ணெண்ணெயும் பெற்றோலும் எங்கள் கராச்சுகளில் எல்லாவற்றையும் கழுவும் தண்ணீர் மாதிரி. என்ஜின், கியர்பெட்டி, செயின் எதையும் அதில் கழுவலாம். பிறேக் றப்பரில் மட்டும் அதன் ஒரு துளிகூடப் படக்கூடாது. கிறீஸ், என்ஜின் ஒயில், டீசல் எல்லாம் அதே வகைதான். றப்பர் இவற்றை உறிஞ்சி ஊதும். கழுவுவதற்கு மெதிலேற்றட் ஸ்பிரிட், அல்லது புதுப் பிறேக் ஒயில். றப்பர் இல்லாத வெறும் உருளைக்குக் கடைசியில் சவர்க்காரத் தண்ணீர் பாவிக்கலாம்; மற்றப்படி இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

குற்றம் உண்மையிலேயே மாஸ்ரர் சிலிண்டரிலா?

பெடலை அழுத்தமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். கால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், நான்கு சில்லுக்குப் பின்னாலும் ஈரம் ஏதும் இல்லையென்றால், முன் கப்பைத் தாண்டி ஒயில் பின்னால் நழுவுகிறது. மாஸ்ரர் சிலிண்டர் என்பதில் சந்தேகமில்லை. சிலிண்டரின் வாயிலுள்ள றப்பர் உறைக்குள் ஒயில் தேங்கியிருந்தால் பின் கப் தேய்ந்துவிட்டது.

முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை அடித்தவுடன் மேலே வந்து இறுகி நின்றால் பெரும்பாலும் பிறேக் சூக்களை அஜஸ்ற் செய்தாலே போதும். பஞ்சுபோல் மெத்தென்று இருந்தால் பைப்புகளுக்குள் காற்று. ஒரு சில்லின் உட்புறம் நனைந்திருந்தால், அங்கே பிறேக் சூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. இவற்றைப் பார்க்காமல் மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, எல்லாம் பூட்டிய பிறகும் பெடல் இறங்குகிறது என்று தலையில் கை வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். நான்கு டிறம்மையும் கழற்றிப் பாருங்கள், நெகிழ் ஹோஸ்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு தீர்மானியுங்கள்.

வாங்கி வைக்கவேண்டியவை

7/8 அங்குல லொக்ஹீட் சிலிண்டருக்கான றப்பர் கிற். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடலாம். இங்கிலாந்திலிருந்து தருவிப்பவர்களும் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் கப்பைக் கையிலெடுத்து அமர்த்திப் பாருங்கள். மென்மையாக, விளிம்பு கூர்மையாக, வெடிப்பில்லாமல் இருக்கவேண்டும். அலுமாரியில் பத்து வருடம் கிடந்த புதுக் கப் புதுக் கப் அல்ல.

டொட் 4 பிறேக் ஒயில், சீல் உடையாத சின்னப் போத்தல்களாக ஒரு லீற்றர். திறந்த போத்தல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். எங்கள் கடற்கரைக் காற்றுக்கு மிச்ச ஒயிலை அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்கவே கூடாது. டொட் 5 என்பது சிலிக்கன் வகை, பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் மற்றவற்றோடு சேராது, அதை வாங்காதீர்கள்.

பைப்பைச் சிலிண்டரோடு இணைக்கும் துளையுள்ள பாஞ்சோ போல்ற்றுக்குப் புதுச் செப்பு வாசர்கள். பிஸ்ரன் வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சேக்கிளிப்பை எடுக்கக் குறடு. பைப் நட்டுகளுக்கு 7/16 அங்குலத்தில், வாய் வெட்டிய றிங் ஸ்பனர். சாதாரண ஸ்பனர் அந்த மென்மையான நட்டுகளின் மூலைகளை உருட்டிவிடும், பிறகு பைப்பையே மாற்றவேண்டி வரும். காரைத் தூக்கி நிறுத்த உறுதியான ஸ்ராண்டுகள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலை வைக்க வேண்டாம்.

கழற்றுதல்

சாரதி பக்கக் கார்ப்பற்றை எடுத்தால் தரையில் ஸ்குறூ ஆணிகளால் பூட்டிய ஒரு மூடித்தகடு தெரியும். அதைக் கழற்றுமுன் அந்த இடத்தைத் தும்பாலும் ஈரத் துணியாலும் சுத்தமாகத் துடையுங்கள். யாழ்ப்பாணத்துக் காரென்றால் அங்கே அரை அங்குலத்துக்குச் செம்மண் படிந்திருக்கும். ஒயில் மூடியைத் திறக்கும்போது அந்த மண் நேரே தொட்டிக்குள் விழும் இடம் அது. தகட்டை எடுத்ததும் உள்ளே இன்னொரு முறை துடைக்கவேண்டும்.

முதல் நாள் மாலையே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் ஒயில் தெளித்து விடுங்கள். இது வெளிப்புறத்துக்கு மட்டும். அடுத்த நாள் ஒரு சில்லின் நிப்பிளில் குழாய் மாட்டி, போத்தலுக்குள் விட்டு, பெடலை அடித்துப் பழைய ஒயிலை வெளியேற்றுங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெயின்ற்றை அது உரித்துவிடும்.

பிறகு பெடலையும், பிஸ்ரனைத் தள்ளும் கம்பியான புஷ் ரொட்டையும் இணைக்கும் பின்னை எடுத்து, பாஞ்சோ போல்ற்றைக் கழற்றி, பைப் வாயில் சுத்தமான பிளாஸ்ரிக் துண்டு கட்டி வையுங்கள். சிலிண்டரைப் பிடித்திருப்பது சசிச் சட்டத்துக்குக் குறுக்காகப் போகும் இரண்டு நீளப் போல்ற்றுகள். இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். முன் சஸ்பென்சனின் முறுக்குக் கம்பி, டோர்சன் பார் என்பது, அந்தப் போல்ற்றுகள் வெளியே வரும் வழியில் குறுக்கே கிடக்கும். மரத்துண்டு ஒன்றை அண்டைகொடுத்துக் கம்பியை மெல்ல ஒதுக்கிப் பிடித்தால் போல்ற் வழுகி வர இடம் கிடைக்கும். ஆள் ஒருவர் துணைக்கு வேண்டும். இடம் போதவில்லை என்று டோர்சன் பாரின் முனைப் போல்ற்றைத் தளர்த்த நினைக்காதீர்கள். காரின் முன்பக்கத்தில் அந்தப் பக்கத்துப் பாரத்தைத் தாங்கி முறுகி நிற்கும் கம்பி அது. அதைக் கழற்றுவது வேறு வேலை, வேறு ஆயத்தம்.

சிலிண்டர் கைக்கு வந்ததும், அது இருந்த சட்டத்தின் உட்புறத்தை ரோச் லைற் அடித்துப் பாருங்கள். பல வருடக் கசிவில் பெயின்ற் உரிந்து துரு பிடித்திருந்தால் சுரண்டித் துருத் தடுப்புப் பூச அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

பிரித்தல்

வெளிப்புறத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்த பிறகு, வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு மாறுங்கள். றப்பர் உறையையும் புஷ் ரொட்டையும் எடுங்கள். உள்ளே சேக்கிளிப். பிஸ்ரனை ஒரு கட்டையால் சற்று உள்ளே அமர்த்திக்கொண்டு கிளிப்பை எடுங்கள். அமர்த்தாமல் எடுத்தால் ஸ்பிறிங் எல்லாவற்றையும் முகத்துக்கு எறியும். பிறகு வரிசையாக வருபவை இவை: தட்டையான நிறுத்து வாசர், பின் கப்போடு பிஸ்ரன், மெல்லிய வளைந்த வாசர், முன் கப், ஸ்பிறிங்கின் தொப்பி, ஸ்பிறிங், உருளையின் அடியில் ஒருவழி வால்வு, அதற்கும் அடியில் அதன் றப்பர் இருக்கை. வந்த வரிசையிலேயே, வந்த திசையிலேயே துணியில் அடுக்கி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கடைசியில் சொன்ன றப்பர் இருக்கை உருளையின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். அதைக் காணாமல் புது இருக்கையை அதன்மேல் வைத்துப் பூட்டிவிடுவது புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை. வளைத்த மெல்லிய மரக்குச்சியால் கிளப்பி எடுங்கள்.

பிஸ்ரன் இறுகி வர மறுத்தால், சிலிண்டரின் வாயைத் தடித்த துணியால் சுற்றி நிலத்தை நோக்கிப் பிடித்து, தொட்டித் துவாரங்களை அடைத்துக்கொண்டு, பைப் துவாரம் வழியாகச் சைக்கிள் கால் பம்பால் காற்றடியுங்கள். கராச்சிலுள்ள கொம்பிறசர் வேண்டாம். அதன் வேகத்தில் பிஸ்ரன் குண்டுமாதிரி வரும்.

உருளையைச் சோதித்தல்

றப்பர் மாற்றுவது சுகம். உருளை அந்த றப்பருக்குத் தகுதியானதா என்று தீர்மானிப்பதுதான் இந்த வேலையின் உயிர். இங்கே நேரம் எடுங்கள்.

உருளையை ஸ்பிரிட் நனைத்த துணியால் பலமுறை துடைத்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல் மினுங்கவேண்டும். பழுப்பான கறை மட்டும் இருந்தால் பரவாயில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரல் நகத்தால் நீளவாக்கில் இழுங்கள். நகம் எங்கேயாவது தடக்குகிறதா? கப் ஓடும் பகுதியில் நகம் தடக்கும் கோடோ, அம்மைத் தழும்புபோன்ற குழியோ இருந்தால் எந்தப் புதுக் கப்பும் அங்கே தாக்குப்பிடிக்காது. ஓடாமல் நின்ற கார்களில் அந்தக் குழிகள் பெரும்பாலும் அடிப்புறத்தில் இருக்கும், ஈரம் தேங்குவது அங்கேதான். வீட்டு முற்றத்தில் ஐந்து வருடம் நின்ற கார், தினமும் ஓடிய காரைவிட மோசமாக இருப்பதன் காரணம் அது.

மெல்லிய கறையும் நகத்துக்குத் தட்டுப்படாத கோடுகளும் மட்டும் என்றால், உருளையின் உட்புறத்தைத் தேய்க்கும் சிறிய பிறேக் சிலிண்டர் ஹோன் கருவியால் சில சுற்றுப் போதும். அது இல்லாவிட்டால் உருண்டைத் தடியில் 600 இலக்கத் தண்ணீர்த்தாளைச் சுற்றி, பிறேக் ஒயிலில் நனைத்து, வட்டமாகச் சுற்றித் தேயுங்கள். முடிவில் 1000 இலக்கம். நீளவாக்கில் தேய்க்க வேண்டாம், அந்தக் கோடுகளே ஒயில் நழுவும் வாய்க்காலாகிவிடும். குழி போகும்வரை தேய்த்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. உருளை பெருத்தால் கப் விளிம்பு இறுகி நிற்காது. பிஸ்ரனை வெறுமையாக உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆட்டம் தெரிந்தால் அந்த உருளையின் காலம் முடிந்தது.

அப்போது இரண்டு வழி. ஒன்று, நல்ல லேத் வேலைக்காரரிடம் கொடுத்து உருளையைப் பெரிதாக்கி, பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கில் உள்ளுறை இறுக்கி, மறுபடி 7/8 அங்குலத்துக்குக் கொண்டுவருவது. வடிவாகச் செய்தால் முதல் வந்ததைவிட நீண்டகாலம் உழைக்கும். ஆனால் உள்ளுறை போட்ட பிறகு அந்தச் சின்னத் துவாரத்தை மறுபடி துளைக்கவேண்டும். அது இருக்கவேண்டிய இடம் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் பிறேக் பூட்டும், அல்லது பெடல் ஆழமாகப் போகும். பழைய சிலிண்டரில் விளிம்பிலிருந்து துவாரம் எவ்வளவு தூரம் என்பதை அளந்து எழுதி அவரிடம் கொடுங்கள். அவருக்குப் பிறேக் வேலையில் அனுபவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் தயங்கினால் இரண்டாவது வழி, புது மாஸ்ரர் சிலிண்டர் வாங்குவது. செலவு கூடத்தான், இருந்தாலும் சந்தேகத்தோடு ஓட்டுவதற்கு அது மேல்.

ஹோன் செய்தீர்களோ இல்லையோ, சின்னத் துவாரத்தைக் கட்டாயம் பாருங்கள். மின்வயருக்குள் இருக்கும் ஒரு தனிச் செப்பு இழையை மேலிருந்து நுழைத்து எடுங்கள். ஊசியாலோ துளைக்கருவியாலோ அதைப் பெருப்பிக்க வேண்டாம். உட்புறம் துவாரத்தின் விளிம்பில் சிராய்ப்பு எழும்பியிருந்தால் 1000 இலக்கத் தாளால் மென்மையாக நீக்குங்கள். ஒவ்வொரு மிதியிலும் கப்பின் விளிம்பு அதைக் கடந்துதான் போகவேண்டும். தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துவாரத்தையும் மறக்கவேண்டாம். அது மண்ணால் அடைபட்டாலும் ஒயில் போக்குவரத்துத் தடைப்படும்.

கடைசியாகச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்த தூளெல்லாம் கழுவி, உடனே ஸ்பிரிட் ஊற்றி அலசி, காற்றில் முழுதாக உலரவிடுங்கள்.

சேர்த்தல்

கையைக் கழுவிவிட்டு வாருங்கள். ஒவ்வொரு பாகத்தையும் புதுப் பிறேக் ஒயிலில் தோய்த்தே உள்ளே விடவேண்டும், உலர்ந்த றப்பர் முதல் நகர்விலேயே கிழியும்.

முதலில் வால்வின் புது இருக்கை உருளையின் அடியில் சமமாக அமரட்டும். ஸ்பிறிங்கின் அகன்ற முனையில் வால்வு, ஒடுங்கிய முனையில் தொப்பி. வால்வு கீழே இருக்க ஸ்பிறிங்கை இறக்குங்கள். இந்த வால்வு பைப்புகளில் எப்போதும் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைப்பது; டிறம் பிறேக்கின் வீல் சிலிண்டர் கப்புகள் தளர்ந்து காற்றை உள்ளே இழுக்காமல் அது காக்கிறது. யாராவது உங்கள் காரின் முன்பக்கத்தை டிஸ்க் பிறேக்காக மாற்றியிருந்தால் கதை வேறு, அந்த அழுத்தம் டிஸ்க்கை உரசவைக்கும்.

அடுத்து முன் கப். விளிம்பு ஸ்பிறிங்கைப் பார்த்து, அதாவது உள்ளே பார்த்து இருக்கவேண்டும். சற்றுச் சரித்து ஒரு பக்க விளிம்பை முதலில் நுழைத்து, விரலால் சுற்றிச் சுற்றி அமர்த்துங்கள். எந்த ஆயுதமும் வேண்டாம். விளிம்பு எங்கேயும் மடியவில்லை என்று கண்ணால் பாருங்கள். பிறகு மெல்லிய வாசர், வளைந்த விளிம்பு கப்பைப் பார்த்து. பிஸ்ரனின் துளைகளுக்குள் கப் இழுபடாமல் தடுப்பது இந்த வாசர்தான். இதை விட்டுவிட்டுப் பூட்டினால் கப் சில நாட்களில் நைந்துபோகும்.

பின் கப்பைப் பிஸ்ரனில் விரலால் இழுத்து ஏற்றுங்கள். அதன் விளிம்பும் முன்னால் பார்க்கவேண்டும். பிஸ்ரனைத் துளைகள் உள்ள தலை உள்ளே போகும்படி விட்டு, நிறுத்து வாசரை வைத்து, அமர்த்திப் பிடித்துக்கொண்டு சேக்கிளிப்பைப் பூட்டுங்கள். கிளிப் பள்ளத்தில் முழுச்சுற்றும் அமர்ந்திருக்கிறதா என்று ஸ்குறூ டிறைவர் முனையால் சுற்றித் தட்டிப் பார்க்கவேண்டும்.

காரில் பூட்டுமுன் மேசையிலேயே ஒரு சோதனை. தொட்டியில் ஒயில் விட்டு, மரத்தடியால் பிஸ்ரனை மெல்ல அழுத்தி விடுங்கள். சில முறைக்குப் பிறகு பைப் துவாரத்தால் ஒயில் வரும். அந்தத் துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்ரனை அரும்பொட்டு அழுத்தி விட்டுப் பார்த்தால், தொட்டிக்குள் சின்னத் துவாரத்திலிருந்து ஒயில் ஊற்றுமாதிரி மெல்லக் கிளம்பும். அதைக் கண்டால் கப் சரியான இடத்தில் நிற்கிறது, துவாரம் திறந்திருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் இந்த ஊற்றைப் பார்த்த பிறகுதான் காருக்குக் கீழே போவேன்.

பூட்டுதல், பெடலின் இடைவெளி

கழற்றியதற்கு எதிர்வரிசைதான். பாஞ்சோவின் இரு பக்கமும் புதுச் செப்பு வாசர் போடுங்கள், பழையது எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

புஷ் ரொட்டுக்கும் பிஸ்ரனுக்கும் இடையில் 1/32 அங்குல இடைவெளி வேண்டும், கிட்டத்தட்ட 0.8 மில்லிமீற்றர். பெடலைக் கையால் மெல்ல அமர்த்தும்போது முதலில் கொஞ்சம் சும்மா நகர்ந்து, பிறகு ஸ்பிறிங்கின் எதிர்ப்பு கையில் படும். அந்தச் சும்மா நகர்வு இல்லையென்றால் லொக் நட்டைத் தளர்த்திப் புஷ் ரொட்டின் நீளத்தைக் குறையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்ரன் முழுதாகப் பின்னால் வராது, சின்னத் துவாரம் மூடியே கிடக்கும், பருத்தித்துறை வீதியில் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

காற்றெடுத்தல்

இதற்கு முன் நான்கு சில்லிலும் பிறேக் சூக்களை அஜஸ்ற் செய்துவிடுங்கள். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சில்லில் ஒன்று. சில்லு பூட்டும்வரை இறுக்கி, சுற்றக்கூடிய அளவுக்கு ஒரு பல் பின்வாங்கவேண்டும்.

மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரத்தில் உள்ள சில்லிலிருந்து தொடங்குங்கள். எங்கள் கார்களில் இடது பின்சில்லு, அடுத்து வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, மறுமுனை கொஞ்சம் ஒயிலுள்ள போத்தலுக்குள் மூழ்கியிருக்கட்டும். உள்ளே இருந்து மிதிக்க ஒருவர் வேண்டும். என் மருமகன் பத்து வயதில் இந்த வேலையைப் பழகினான். "மிதி" என்றால் மிதித்துப் பிடித்து "மிதிச்சாச்சு மாமா" என்பான்; நான் நிப்பிளைத் திறந்து, ஒயில் வந்ததும் மூடி, "விடு" என்பேன். மூடுமுன் விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், ஆகவே இருவரும் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குமிழி வருவது நின்ற பிறகும் நாலைந்து முறை.

மைனரில் இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தொட்டி சின்னது, தரைக்குக் கீழே இருக்கிறது. ஆறேழு மிதிக்கு ஒருமுறை நிறுத்தி நிரப்பாவிட்டால் தொட்டி வற்றி, எல்லாம் முதலிலிருந்து. நீளமூக்குப் புனலோ பெரிய பிளாஸ்ரிக் சிறிஞ்சோ இருந்தால் சுகம். முடிவில் ஒயில் மட்டம் மூடி வாயிலிருந்து அரை அங்குலம் கீழே நிற்கட்டும், அதற்குமேல் வேண்டாம். போத்தலில் வந்த ஒயிலைத் திரும்பப் பாவிக்கக் கூடாது.

ஓட்டிப் பார்க்குமுன்

பெடலை முழுப் பலத்தோடு மிதித்து இரண்டு நிமிடம் பிடியுங்கள். இறங்கக்கூடாது. அப்படிப் பிடித்திருக்கும்போதே இன்னொருவர் ரோச் லைற்றோடு எல்லா இணைப்பையும் பார்க்கட்டும். பின்னால் பிறேக் லைற் எரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்; இந்தக் காரில் அதன் சுவிச்சும் ஒயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. பெடலை விட்டதும் நான்கு சில்லையும் கையால் சுற்றுங்கள். பத்து முறை மிதித்து விட்டு மறுபடி சுற்றுங்கள். ஒரேமாதிரிச் சுற்றவேண்டும்.

முதல் ஓட்டம் ஒழுங்கைக்குள்ளே, முதல் கியரில், ஒரு கை ஹான்ட் பிறேக்கில். பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து நாலைந்து கிலோமீற்றர். திரும்பி வந்ததும் டிறம் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். முன்னிரண்டும் ஒரே சூடு, பின்னிரண்டும் ஒரே சூடு என்று இருந்தால் சரி. எல்லாம் கொதித்தால் புஷ் ரொட் இடைவெளிக்குத் திரும்பிப் போங்கள்.

அன்றிரவு காருக்குக் கீழே, சட்டத்தின் நீளத்துக்கும் வெள்ளைக் கடுதாசி விரித்து வையுங்கள். காலையில் ஒரு சொட்டும் இல்லையென்றால், ஒயில் மட்டமும் அப்படியே இருந்தால், மூடித்தகட்டை அதன் ஸ்குறூ ஆணிகள் எல்லாவற்றோடும் பூட்டுங்கள். கார்ப்பற்றை மட்டும் இன்னும் ஒரு கிழமை விரிக்காதீர்கள். தினமும் காலையில் அந்தத் தகட்டைக் கழற்றி ஒயில் மட்டத்தைப் பார்க்க அது சுகம்.